பட்டாணி பீர், பாம்பு பாட்டில், 9 சதவிகித லெமன் கேன்... ஜப்பான் மதுவின் டேஸ்ட்டை முடிவு செய்வது யார்?

டோக்கியோவில் எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோருக்குள் நுழைந்தாலும், கடைசி வரிசையில் ஒரு பெரிய கண்ணாடி ஃப்ரிட்ஜ் இருக்கும். அதற்குள் தங்க நிறத்தில் நுரை பொங்கும் படத்தோடு ஒரு கேன். பார்த்தால் பீர் மாதிரிதான் இருக்கும். ஆனால், பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வகையைப் பார்த்தால் 'பீர்' என்று இருக்காது. பக்கத்திலேயே பீச் பழம் போட்ட பிங்க் கேன், வெறும் 3 சதவிகிதம் ஆல்கஹால். அதை ஒட்டி, எலுமிச்சைப் படம் போட்ட வெள்ளி நிறக் கேன். அதில் 9 சதவிகிதம்!

'ஜப்பானின் விநோத டிரிங்க்ஸ்' என்று தேடினால் வீடியோக்கள் வந்து கொட்டும். ஒரு சிப், கண்ணை விரித்து ஒரு ரியாக்‌ஷன், பத்துக்கு இத்தனை மார்க், அடுத்த கேன். பார்க்க ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த டிரிங்க்ஸ் எல்லாம் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன என்று அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. ஜப்பானியர்களின் நாக்கு விநோதமானது என்று நினைத்துக்கொண்டு நாமும் ஸ்க்ரோல் பண்ணிவிடுகிறோம்.

உண்மையான காரணம் நாக்கில் இல்லை, வரியில் இருக்கிறது. அந்த ஃப்ரிட்ஜில் இருக்கும் கேன்களில் பல, 'இந்தச் சட்டத்தை எப்படித் தாண்டலாம்' என்று யோசித்துச் செய்த ரெசிப்பிகள். அந்தச் சட்டம் 2026 அக்டோபரில் மாறுகிறது. அதனால், இந்த டேஸ்ட் ரிவ்யூவில் ஒவ்வொரு டிரிங்குக்கும் இரண்டு குறிப்புகள். ஒன்று நாக்குக்கு, இன்னொன்று கணக்குக்கு.

1. பீர் இல்லாத பீர்

நாக்குக்கு: வெளிர் தங்க நிறம், லேசான கசப்பு, தண்ணீர் மாதிரி சட்டென்று இறங்கிவிடும். பீரின் அடர்த்தியான மால்ட் ருசியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வெயில் நாளில் ஜில்லென்று குடிக்கச் சரி.

கணக்குக்கு: ஜப்பானில் ஒரு பானத்தை 'பீர்' என்று சொல்ல, அதில் மால்ட் குறைந்தபட்சம் 67 சதவிகிதம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பீருக்கு வரி அதிகம். 1994-ல் சான்டோரி நிறுவனம் 65 சதவிகித மால்ட் போட்டு 'ஹாப்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ருசியில் கிட்டத்தட்ட பீர். சட்டப்படி 'ஹப்போஷு', அதாவது நுரைக்கும் மது. வரி குறைந்தது, விலையும் குறைந்தது, விற்பனை பறந்தது.

அரசு சும்மா இருக்குமா? மால்ட் 50 சதவிகிதத்தைத் தொட்டாலே பீருக்கான வரிதான் என்று 1996-ல் மாற்றியது. உடனே நிறுவனங்கள் மால்ட்டை 25 சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுபோயின. 2003-ல் ஹப்போஷுவுக்கும் வரி ஏறியது. இந்த முறை சப்போரோ நிறுவனம் மால்ட்டையே தூக்கிவிட்டது! பட்டாணியின் புரதத்தை வைத்துச் செய்த 'டிராஃப்ட் ஒன்' 2004-ல் நாடு முழுக்க வந்தது. அடுத்த வருடமே கிரின் நிறுவனம் சோயா புரதத்தில் 'நோதோகோஷி நமா'வை இறக்கியது. மக்கள் இவற்றுக்கு வைத்த பெயர், 'மூன்றாவது பீர்'.

இந்த விளையாட்டில் கை சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. சப்போரோவின் 'கோகு ஸீரோ' 2013-ல் மூன்றாவது பீராக வந்தது. இது அந்த வகைதானா என்று வரித்துறை கேள்வி எழுப்ப, நிறுவனம் 1,150 கோடி யென் கூடுதல் வரி கட்டியது. பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போய்த் தோற்றது. ஒரு கேனுக்குள் இருப்பது என்ன பானம் என்பதற்கே இவ்வளவு பெரிய வழக்கு!

2. ஹொப்பி

நாக்குக்கு: ரொட்டி வாசம், இனிப்பே இல்லாத வறண்ட ருசி. ஹொப்பி பாட்டில், ஷோச்சு, கண்ணாடி மக் மூன்றும் ஜில்லென்று இருக்க வேண்டும்; ஐஸ் போடக் கூடாது என்பது பழைய ரசிகர்களின் விதி. நம்ம ரேட்டிங்கில் இந்தப் பட்டியலின் அமைதியான ஹீரோ.

கணக்குக்கு: ஹொப்பி 1948-ல் டோக்கியோவில் பிறந்தது. போருக்குப் பிந்தைய காலம். சாமானியருக்கு பீர் எட்டாத உயரத்தில் இருந்தது. ஹொப்பியில் ஆல்கஹால் 0.8 சதவிகிதம்தான். ஜப்பான் சட்டத்தில் 1 சதவிகிதத்தைத் தொட்டால்தான் அது 'மது'. அதனால் ஹொப்பி மது இல்லை, மது வரியும் இல்லை. இதை மலிவான ஷோச்சுவில் ஊற்றிக் கலந்தால் கிட்டத்தட்ட 5 சதவிகிதத்தில் ஒரு 'பீர்' ரெடி. இஸகயாவில், அதாவது ஜப்பானிய மதுக்கடையில், ஷோச்சு தீர்ந்துவிட்டால் 'நாகா' என்று கேட்பார்கள். 'உள்ளே' என்று அர்த்தம். ஹொப்பி தீர்ந்தால் 'சோதோ', 'வெளியே'. ஏழைகளின் ஏற்பாடாகத் தொடங்கியது, இன்று ரெட்ரோ ஃபேஷன் ஆகிவிட்டது.

3. டொபுரோகு

நாக்குக்கு: சாகேயின் நாட்டுப்புற அண்ணன். வடிகட்டாததால் கெட்டியாக, வெள்ளையாக, அரிசிப் பருக்கைகள் மிதக்க இருக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்து, நாக்கில் லேசாகச் சுருக்கென்று நுரைக்கும். முதல் வாய் தயக்கமாக இருக்கும், இரண்டாவது வாயில் பிடித்துவிடும் வகை.

கணக்குக்கு: ஒருகாலத்தில் விவசாயிகள் வீட்டிலேயே செய்துகொண்டது இது. 1899-ல் ஜப்பான் வீட்டில் மது காய்ச்சுவதைத் தடை செய்தது. ஏனென்றால், அந்தக் காலகட்டத்தில் மது வரிதான் நில வரியையும் தாண்டி அரசின் முதல் வருமானமாக ஆகியிருந்தது. அந்தத் தடை இன்றும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்தால் 10 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். தோஷிஹிகோ மயேதா என்பவர் 'என் வீட்டில் எனக்காகக் காய்ச்சுவது என் உரிமை' என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1989-ல் தோற்றார். வரி வசூலுக்காக இந்தத் தடை செல்லும் என்றது கோர்ட்.

2003-லிருந்து சில பகுதிகளைச் 'சிறப்பு மண்டலம்' என்று அறிவித்து, அங்குள்ள விவசாயிகள் குறைந்த அளவில் டொபுரோகு காய்ச்சி விற்க வழி செய்தார்கள். ஆனால் உள்நாட்டில் விற்கும் சாகேவுக்குப் புது ஆலை லைசென்ஸ் கிடைப்பது இன்றும் குதிரைக்கொம்பு. அதனால் இளம் தயாரிப்பாளர்கள் ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். சட்டப்படி சாகே என்றால் வடிகட்டியே ஆக வேண்டும். குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. வடிகட்டாமல் விட்டாலோ, நொதிக்கும்போது ஹாப்ஸோ பழமோ போட்டாலோ அது 'இதர மது'. அதற்கு லைசென்ஸ் கிடைக்கும். இப்படிப் பிறந்ததுதான் 'கிராஃப்ட் சாகே'. ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் ஊரே காலியான ஒடகா பகுதியில் 2021-ல் தொடங்கிய 'ஹக்கோபா' ஆலை ஹாப்ஸ் போட்டு இப்படித்தான் காய்ச்சுகிறது. அகிதாவின் ஓகா நகரில் 'இனே டு அகவே'வும் இந்த ரகம்தான்.

கோஜி பூஞ்சையை வைத்து மது தயாரிக்கும் ஜப்பானின் பாரம்பர்ய அறிவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. உலகமே கொண்டாடும் அந்த அறிவை ஒரு ஜப்பானியர் தன் வீட்டுச் சமையலறையில் பயன்படுத்தினால் குற்றம். என்ன கூத்து பாருங்கள்!

4. அவமோரியும் பாம்பு பாட்டிலும்

நாக்குக்கு: அவமோரி ஒகினாவா தீவுகளின் வடிமது. தாய்லாந்தின் நீள அரிசி, கறுப்பு கோஜி, தண்ணீர். இளசாக இருக்கும்போது மண் வாசமும் காளான் வாசமும் தூக்கலாக அடிக்கும். 3 ஆண்டுகள், அதற்கு மேல் ஊறினால் அது 'கூசு'. அப்போது வெனிலா மாதிரி ஓர் இனிய வாசம் வரும். இன்ஸ்டாவில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 'ஹபுஷு' இதன் தூரத்துச் சொந்தம். அவமோரியில் மூலிகையும் தேனும் சேர்த்து, ஹபு என்ற விஷப் பாம்பையும் ஊறவைப்பது. பாம்பு பயமுறுத்தும், ருசியில் மூலிகைதான் முன்னே நிற்கும். டூரிஸ்ட் ஃபோட்டோவுக்கு 10, டேஸ்ட்டுக்கு 5.

கணக்குக்கு: 1945 ஒகினாவா போரில் நூறாண்டு ஊறிய கூசு ஜாடிகள் குண்டுவீச்சில் அழிந்தன. போருக்குப் பின் அமெரிக்க ஆட்சி. 1972-ல் தீவுகள் ஜப்பானிடம் திரும்பியபோது, உள்ளூர் மதுவுக்கு வரிச் சலுகை தரப்பட்டது. அரை நூற்றாண்டாக நீட்டித்துக்கொண்டே வந்த அந்தச் சலுகை அவமோரிக்குப் படிப்படியாகக் குறைந்து 2032-ல் முடிகிறது. சின்னச் சின்னக் குடும்ப ஆலைகள் அதற்குப் பிறகு எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அங்கே இப்போதைய கவலை.

5. ஸ்ட்ராங் சூஹாய்

இதுவரை பார்த்தது எல்லாம் சுவாரஸ்யம். இனி வருவது சீரியஸ்.

நாக்குக்கு: சூஹாய் என்றால் ஷோச்சு ஹைபால், ஷோச்சு அல்லது வோட்கா, சோடா, பழச்சாறு. சான்டோரியின் '-196' வரிசையில், பழத்தை முழுசாக மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கி, ஆல்கஹாலில் ஊறவைக்கிறார்கள். தோலின் வாசம் வரை அப்படியே வரும். அந்த வரிசையில் 2009-ல் வந்தது 'ஸ்ட்ராங் ஸீரோ'. சர்க்கரை இல்லை, ஆல்கஹால் 9 சதவிகிதம். நாக்கில் லெமன் சோடா. பிரச்னையே அதுதான். 9 சதவிகிதம் உள்ளே இருப்பது நாக்குக்குத் தெரியாது.

கணக்குக்கு: நுரைக்கும் மதுவில் ஆல்கஹால் 10 சதவிகிதத்துக்குள் இருந்தால் சூஹாய்க்குக் குறைந்த வரி. அதனால்தான் 'ஸ்ட்ராங்' கேன்கள் 9-ல் வந்து நிற்கின்றன. 350 மி.லி கேனுக்கு வரி 28 யென். 3 சதவிகித பீச் கேனுக்கும் 28 யென், 9 சதவிகித லெமன் கேனுக்கும் அதே 28 யென். அதே அளவு பீர் கேனுக்கு 2023 அக்டோபரிலிருந்து 63.35 யென்.

இதைக் கொஞ்சம் வேறு மாதிரி போட்டுப் பார்ப்போம். கேனில் எத்தனை கிராம் சுத்த ஆல்கஹால் என்று கண்டுபிடிக்க ஒரு ஈஸி ஃபார்முலா உண்டு. மி.லி அளவை ஆல்கஹால் சதவிகிதத்தால் பெருக்கி, அதை 0.8-ஆல் பெருக்க வேண்டும். 350 மி.லி, 5 சதவிகித பீரில் 14 கிராம். 9 சதவிகித சூஹாயில் 25 கிராம். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு வரி எவ்வளவு? பீருக்குச் சுமார் 4.5 யென். 3 சதவிகித பீச் கேனுக்கு 3.3 யென். ஸ்ட்ராங் கேனுக்கு 1.1 யென்!

அதாவது, லைட்டாகக் குடிப்பவரிடம் அதிக வரி. சீக்கிரம் போதை ஏற வேண்டும் என்பவருக்கு டிஸ்கவுன்ட். அரசு இதை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் சட்டம் கொடுத்த விளைவு இதுதான். சம்பளம் ஏறாத காலத்தில், பீரைவிடக் குறைந்த விலையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆல்கஹால் கிடைத்தால் யார் வாங்குவார்கள்? கையில் காசு குறைவாக இருக்கும் இளைஞர்களும், வேலை முடிந்து தனியாக வீடு திரும்புபவர்களும்தான். 2017-ல் 'ஸ்ட்ராங் ஸீரோ இலக்கியம்' என்று ஜப்பானிய இணையத்தில் மீம்ஸ் ஓடியது. வாழ்க்கைச் சலிப்பை இந்தக் கேனில் கரைப்பதைப் பற்றிய குட்டிக் குட்டிப் பதிவுகள். படித்தால் சிரிப்பு வரும், அடுத்த நொடி சங்கடமாக இருக்கும்.

2019 கடைசியில் போதை சிகிச்சை நிபுணரான மனநல மருத்துவர் தோஷிஹிகோ மட்சுமோட்டோ இந்தக் கேன்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வெளிப்படையாக எச்சரித்தார். ஜூஸ் மாதிரி இருப்பதால் மதுப் பழக்கமே இல்லாதவர்களும் வேகமாகக் குடித்துவிடுகிறார்கள் என்பது அவர் கவலை. ஒகினாவாவின் ஓரியன் பீர் நிறுவனம் தன் 9 சதவிகித சூஹாயை நிறுத்திக்கொண்டது.

ஒரே அரசு, இரண்டு குரல்

2022-ல் ஜப்பானின் தேசிய வரித்துறை 'சாகே விவா' என்று ஒரு போட்டி அறிவித்தது. 20 முதல் 39 வயதுக்குள் இருப்பவர்கள், இளைஞர்களைக் குடிக்கவைக்க பிசினஸ் ஐடியா தர வேண்டும்! காரணம், குடிப்பது குறைந்துகொண்டே வந்ததுதான். 1995-ல் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 100 லிட்டர் மது குடித்தார் என்றால், 2020-ல் அது 75 லிட்டர். 1980-ல் மொத்த வரி வருவாயில் 5 சதவிகிதமாக இருந்த மது வரி, 2020-ல் 1.7 சதவிகிதம். உலகம் முழுக்க ட்ரோல் ஆனது அந்தப் போட்டி.

2024 பிப்ரவரியில் அதே அரசின் சுகாதார அமைச்சகம் முதன்முறையாகக் குடிப்பது பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆண்கள் ஒரு நாளைக்கு 40 கிராம், பெண்கள் 20 கிராம் சுத்த ஆல்கஹாலைத் தொட்டாலே வாழ்க்கைமுறை நோய்களின் ஆபத்து கூடும் என்றது. 20-களில் இருப்பவர்களின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அதிகக் குடி அவர்களுக்குக் கூடுதல் கெடுதல் என்றும் சொன்னது. 500 மி.லி ஸ்ட்ராங் கேன் ஒன்றிலேயே 36 கிராம். பெண்களுக்கான அளவை ஒரே கேன் தாண்டிவிடும். இரண்டு கேன் குடித்தால் 72 கிராம். ஒரே நேரத்தில் 60 கிராமுக்கு மேல் குடிப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது அதே வழிகாட்டி.

இந்த அறிவிப்பை ஒட்டி அசாஹி நிறுவனம், 8 சதவிகிதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள புது சூஹாய் கொண்டுவரப்போவதில்லை என்றது. சப்போரோவும் பின்தொடர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இது நிறுவனங்களின் விருப்பம் மட்டுமே, சட்டம் அல்ல. பழைய கேன்களை இது தொடவும் இல்லை.

2026 அக்டோபரில் என்ன மாறும்?

பீர், ஹப்போஷு, மூன்றாவது பீர் மூன்றுக்கும் ஒரே வரி: 350 மி.லி-க்கு 54.25 யென். பீருக்கு வரி குறைகிறது, மற்ற இரண்டுக்கும் ஏறுகிறது. முப்பது வருட கண்ணாமூச்சி முடிகிறது. பட்டாணியில் பீர் செய்ய வேண்டிய அவசியமே இனி இல்லை. மால்ட் போட்ட நிஜ பீரை நோக்கி நிறுவனங்கள் திரும்புவதற்கு இது நல்ல காரணம்.

சூஹாய்க்கு? 28 யென் 35 யென் ஆகிறது. அவ்வளவுதான். 3 சதவிகிதத்துக்கும் 35, 9 சதவிகிதத்துக்கும் 35. ஒரு கிராம் கணக்கில் ஸ்ட்ராங் கேனுக்கு 1.4 யென், பீச் கேனுக்கு 4.2 யென். லைட்டான கேன் மூன்று மடங்கு வரி கட்டும் நிலை அப்படியே தொடர்கிறது.

ஆல்கஹால் அளவுக்கு ஏற்ப வரி போடுவது ஜப்பானுக்குத் தெரியாததல்ல. ஷோச்சுவுக்கும் விஸ்கிக்கும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரி ஏற ஏற வரியும் ஏறும். சாகேயும் வைனும் லிட்டர் கணக்கில்தான் வரி கட்டுகின்றன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சாகேயைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, சாப்பாட்டோடு மெதுவாகக் குடிப்பார்கள். அது சோடா வேஷம் போட்டு ஏமாற்றுவதில்லை. ஜூஸ் மாதிரி ருசி, பீரைவிடக் குறைந்த விலை, திறந்தால் முழுசாக முடிக்க வேண்டிய கேன் மூன்றும் சேரும் இடம் ஸ்ட்ராங் சூஹாய் மட்டும்தான்.

2 சதவிகிதம் மால்ட் குறைந்ததற்கு ஒரு புது பான வகையே பிறந்த நாடு இது. வரியைக் கொஞ்சம் திருப்பினால் நிறுவனங்கள் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு முப்பது வருட நிரூபணம் அந்த ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது. ஆல்கஹால் கிராமுக்கு வரி என்று மாற்றினால், அதே விஞ்ஞானிகள் 3 சதவிகிதத்தில் அசத்தும் லெமன் கேனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். திரவ நைட்ரஜனில் எலுமிச்சையை உறையவைத்தவர்களுக்கு அது பெரிய வேலையா என்ன?

ஜப்பான் போகிறீர்களா?

படிப்புக்கோ வேலைக்கோ டூருக்கோ ஜப்பான் போகிறவர்களுக்கு மூன்று விஷயங்கள். ஒன்று, அங்கே குடிக்கச் சட்டப்பூர்வ வயது 20. இரண்டு, பழப் படத்தைப் பார்த்து ஜூஸ் என்று எடுத்துவிடாதீர்கள். ஆல்கஹால் இருக்கும் கேனில் சதவிகித எண் இருக்கும், அதைத் தேடுங்கள். மூன்று, பல கேன்களில் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன ஃபார்முலாவை மொபைலில் போட்டுப் பாருங்கள், ஐந்து செகண்ட் வேலை. வீடியோவில் யாரோ கொடுத்த பத்துக்கு ஒன்பது மார்க்கைவிட அந்த கிராம் கணக்கு உங்களுக்கு அதிகம் உதவும்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)